நூரீன் கடைசியாகக் கேட்டது

கடற்கரை ஊரில் பிடில் வைத்திருப்பது கறவை மாடு வைத்திருப்பது மாதிரி, ஐயா. ஒரு வேளை கவனிக்காமல் விட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும், ஒட்டு விட்டுப்போகும், வில்லின் மயிர் ஈரம் ஏறித் தொங்கும். அதனால் விடிந்ததும் முதல் வேலையாக அதைத் துடைத்த பிறகுதான் நான் காப்பி குடிப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினேன். பிறகு வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு இங்கே வந்தேன்.

நேற்று தல்ஹா வந்திருந்தான் என்று கேள்விப்பட்டேன். அக்கா நூரீனின் காது போனதற்குத் தன் கவனக்குறைவுதான் காரணம், தன்மேல் வழக்குப் போடுங்கள் என்று அழுதானாம். நீங்கள் டீ வாங்கிக்கொடுத்து, இது விபத்துப்பா, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டீர்களாம். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அது விபத்து இல்லை. அவன் செய்ததும் இல்லை. அவ்வளவு பொறுமை அவனுக்குக் கிடையாது. நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாகவே எழுதலாம்.

என் பெயர் சவரிராயன். நெல்லித்தோப்பில் கேட்டால் சொல்தா சவரி என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை இந்த ஊரில் அப்படித்தானே சொல்கிறோம். மீசை அரும்பிய வயதில் போனேன். பிரான்சின் மேற்குக் கரையில், பிரெஸ்ட் என்ற துறைமுக ஊரில் நெடுங்காலம் இருந்தேன். எந்நேரமும் மழை தூறுகிற ஊர். கோயில் பாட்டுக்குழுவில் பழகிய பிடிலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அங்கே துறைமுகத்தை ஒட்டி ஒரு மதுக்கடை. ஞாயிறு மாலைகளில் ஐரிஷ்காரர்கள் சிலர் வந்து வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். பிடில், மரப் புல்லாங்குழல், முழங்கைக்கு அடியில் பையை அமுக்கி வாசிக்கிற ஒரு குழல். மேடை கிடையாது, மைக் கிடையாது. ஒருவர் மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். யாரும் யாரையும் முந்தக் கூடாது. அந்த வட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைக்கச் சில வருடங்கள் ஆயின. கிடைத்த பிறகு ஒருவரும் என் நிறத்தைக் கேட்கவில்லை. என் ஆயுளில் என்னைச் சமமாக உட்காரவைத்த இடம் அது ஒன்றுதான். இதை நீங்கள் எழுத வேண்டியதில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பினேன். என் மனைவி ஆனந்தமேரிக்கு அந்த இசை பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்வாள். அதனால் மாலை வேளைகளில் பீச் ரோட்டுக்குப் போய், அலைக்குப் போட்ட பாறைகளைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பேன். நடக்க வந்தவர்களில் சிலர் நிற்பார்கள், பலர் போய்விடுவார்கள். அங்கேதான் இனியவன் என்னைப் பிடித்தான். ஓட்டல்களில் கிட்டார் வாசித்து ராக் பாட்டு பாடுகிறவன். முப்பது வயதுகூட இருக்காது.

"முசே, இந்த மெட்டுக்கு அடியில டிரம்ஸ் போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?" என்றான். பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்கிற மாதிரி என்னை முசே என்று கூப்பிட ஆரம்பித்தவன் அவன்தான், பிறகு எல்லோருக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மோசமாக இருக்கும். ஆனால் கடலுக்கு வாசித்துக் காட்டி எத்தனை நாள்தான் ஓட்டுவது. சரி என்றேன்.

குழுவுக்கு உப்பாறு என்று பெயர் வைத்தான். ஊருக்கு நடுவில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அந்த வாய்க்காலின் பெயர். அவனுக்கு அது பெரிய வேடிக்கை.

ஒத்திகைக்கு இடம் கொடுத்தவர் ஹிதாயத்துல்லா பாய். நெல்லித்தோப்பில் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா கோயில் தேர், சந்தனக்கூடு எதுவானாலும் அவர் பெட்டிகள்தான் போகும். கடைக்கு மேலே சாமான் போட்டிருந்த மாடியை ஒழித்துக் கொடுத்தார். அவர் மகன் தல்ஹா எங்களுக்குச் சவுண்டு பார்த்தான். மகள் நூரீன் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தம்பியிடம் ஸ்கூட்டர் சாவி வாங்க மாடிக்கு வந்தவள், நாங்கள் வாசிப்பதைக் கேட்டபடி வாசலில் நின்றாள். திரும்பிப் போகும்போது அந்த மெட்டைப் படிக்கட்டில் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். வேகமான மெட்டு அது, நடுவில் ஒரு திருப்பம் இருக்கும், தடுக்கிவிழாத ஆள் இல்லை. எனக்கு அது கைக்கு வர ஒரு குளிர்காலம் முழுதும் பிடித்தது. அவள் அதைச் சாவியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளைப் பாட அனுப்பும்படி பாயிடம் பேசியது நான்தான். இதையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் பேசினால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

"அண்ணே, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. இவ அம்மா ஜரினா ஒத்துக்கவே மாட்டேங்குறா. உங்க முகத்துக்காகத்தான் அனுப்புறேன். புள்ள உங்க பொறுப்பு" என்றார்.

"என் பொறுப்பு பாய்" என்றேன்.

அந்த வார்த்தையை நான் காப்பாற்றினேனா இல்லையா என்பதை நீங்கள் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். அவள் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டது நான்தான்.

நூரீன் வந்த பிறகு கூட்டம் வந்தது. தமிழில் தானே வார்த்தை கட்டி அந்த மெட்டுகளில் பாடினாள். பத்து வருடம் பூட்டியிருந்த வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். பூட்டியிருந்த வீடு என்றது என்னை. முன்பு மெட்டு நடுவில் இருந்தது, நாங்கள் சுற்றி இருந்தோம். இப்போது அவள் நடுவில் இருந்தாள். மெட்டு அவளுக்குப் பாய் விரித்தது. எனக்கு மேடையில் இடது ஓரத்தில், டிரம்ஸ் மறைப்புக்குப் பக்கத்தில் இடம் போட்டார்கள்.

அந்த வருடம் மழை முடிந்த சமயத்தில் நியால் வந்தான். அயர்லாந்துக்காரன், நான் சொன்னேனே பைக்குழல், அதை வாசிக்கிறவன், அந்த ஊரில் பேர் சொன்னால் தெரிந்தவன். சில மாதம் இங்கே வீடு எடுத்துத் தங்கினான். அவன் எங்கள் மாடிக்கு ஏறி வந்த அன்று எனக்குத் தேர்த்திருவிழா. ஒரு ஆள் வந்துவிட்டான், இந்தப் பிள்ளைகளிடம் எது இசை, எது கூச்சல் என்று எடுத்துச் சொல்ல எனக்குத் துணை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நியால் அரை மணி நேரம் கேட்டான். பிறகு நூரீனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டை மறுபடி பாடச் சொன்னான். நான் அவனிடம் தனியாக என் மனதில் இருந்ததைச் சொன்னேன். அவன் சிரித்தான். எங்கள் ஊரில் ராக் பாடகர்களும் பாப் பாடகர்களும் கிழட்டுப் பிடில்காரர்களோடு ஒரே மேடையில் ஏறி ஐம்பது அறுபது வருடம் ஆகிறது, அதனால் எதுவும் செத்துப்போகவில்லை, பாடுகிற ஆள் தன்னோடு வாசிக்கிறவனைக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம், இந்தப் பெண் கேட்கிறாள் என்றான். அப்படி ஒரு காதை நான் என் ஊரிலேயே இரண்டு மூன்று பேரிடம்தான் பார்த்தேன் என்றான்.

என்னைப் பற்றியும் சொன்னான். நான் கேட்டதால் சொன்னான். நீங்கள் வாசிப்பது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் யாரையும் கேட்பதில்லை என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, மேல் தந்தியில் சுருதி ஏறிப்போகிறது, நல்ல டாக்டராகப் பார்த்து ஒரு தரம் காதைக் காட்டுங்கள் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் காதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டாளத்தில் பீரங்கிப் பயிற்சியின்போது என் இடது காது போயிற்று. போன இடத்தில் ஒரு விசில் சத்தம் வந்து உட்கார்ந்தது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. இப்போது நீங்கள் பேசும்போதும் அது இருக்கிறது. அங்கிருந்த டாக்டர் விளக்கினார். காதுக்குள்ளே நாற்று மாதிரி மெல்லிய மயிர்கள் நிற்கின்றன. சத்தம் காற்று மாதிரி அடிக்கும்போது அவை சாய்ந்து நிமிரும். ஓயாமல் அடித்தால் சாய்ந்தபடி நின்றுவிடும். ஒரேயடியாகப் பெருங்காற்று அடித்தால் படுத்துவிடும். படுத்த நாற்று மறுபடி எழாது என்றார். விவசாயம் தெரிந்த டாக்டர் போலிருக்கிறது. எனக்கு மறக்கவே இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் ஒத்திகைக்கு முன்னதாகவே போய்விட்டேன். படிக்கட்டில் ஏறும்போது மேலே பேச்சுக் கேட்டது.

"எத்தினி நாளைக்கு நூரீன் இப்படியே ஓட்டுறது? அவருக்குக் காது கேக்கலை. மேல போனா சுருதி எங்கயோ போயிடுது. பேசாம நேரா சொல்லிடலாம்" என்றான் இனியவன்.

"வேணாம். முசே இல்லாத மேடையில நான் ஏற மாட்டேன்" என்றாள் நூரீன். "இப்ப பண்ற மாதிரியே பண்ணுவோம். தல்ஹா, கூட்டத்துக்குப் போற அவர் சவுண்டைக் கம்மியா வெச்சுக்கோ. இனியவன், நீ லேப்டாப்புல இருக்கிற பிடிலைப் போடு. அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவாரு. தல்ஹா, நீ வாயைத் தொறக்காத."

நான் சத்தமில்லாமல் இறங்கித் தெருவுக்கு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இருமிக்கொண்டே ஏறினேன். நூரீன் எழுந்து எனக்கு மின்விசிறிக்கு நேராக இருந்த நாற்காலியைக் கொடுத்தாள்.

அவள் என்னை நீக்கியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். இனியவன் நீக்கத்தான் நினைத்தான். அவன் நேர்மையான ஆள், அவனுக்கு ஒரு தீங்கும் நான் நினைக்கவில்லை. அவள்தான் என்னை வைத்துக்கொண்டாள். எத்தனை மேடைகளில் நான் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க வாசித்திருக்கிறேன். கூட்டம் கைதட்டியது. அது வேறு யாரோ எப்போதோ வாசித்துப் பதிவு செய்ததற்கான கைதட்டல். கொலுவில் வைத்த பொம்மை மாதிரி நான் வில்லை ஆட்டிக்கொண்டிருந்தேன். அதை அவள் இரக்கம் என்று நினைத்தாள். இருபத்தாறு வயதில் அப்படித்தான் நினைப்பார்கள். கேட்காமல் போவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. தெரியவைக்கலாம் என்றும் தோன்றியது. தண்டனை என்று நான் நினைக்கவில்லை.

பாடுகிறவர்கள் காதுக்குள் சின்னதாக ஒன்றை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இயர் மானிட்டர் என்பார்கள். மேடையில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று அதில்தான் கேட்கும். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. யாருக்கு எவ்வளவு சத்தம் என்பதை அவரவர் ஃபோனிலேயே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். தல்ஹா என் ஃபோனிலும் அதைப் போட்டுக் கொடுத்திருந்தான். நான் தொட்டதே இல்லை. படிக்கட்டில் கேட்டதற்குப் பிறகு, "தம்பி, இதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுப்பா" என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். நூரீனுக்குப் போகிற சத்தத்தையும் என் ஃபோனிலிருந்து மாற்றலாம், பூட்டு எதுவும் போடவில்லை, நம்ம ஆளுங்கதானே முசே என்றான். சத்தம் ஒரு அளவுக்கு மேல் போகாமல் தடுக்க லிமிட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் எடுக்கவே கூடாது, எடுத்தால் காது காலி என்றான். அதை எப்படி எடுப்பது என்று நான் கேட்கவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டேன், இடுப்புப் பெட்டியில் காட்டினான்.

முதல் சில மாதங்கள் லிமிட்டரைத் தொடவில்லை. ஒவ்வொரு கச்சேரியிலும் பாட்டுக்குப் பாட்டு அவள் காதுக்குப் போகிற சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நெல் முனை அளவு. சட்டென்று ஏற்றினால் தெரியும், மெல்ல ஏற்றினால் காது அதோடு சேர்ந்து நகர்ந்துவிடும். இரண்டு மாதத்தில் அவளே தல்ஹாவிடம் இன்னும் கொஞ்சம் வை, மந்தமா இருக்கு என்று கேட்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் நான் அவள் கேட்டதைத்தான் கொடுத்தேன்.

ஒரு கச்சேரி முடிந்து அவளை வீட்டில் விடப் போகும்போது ஆட்டோவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முசே, காதுக்குள்ள கொய்ங்னு ஒரே சத்தம். நிக்கவே மாட்டேங்குது. அத்தாகிட்ட சொல்லி டாக்டரைப் பாக்கட்டா?"

"எனக்கும் முப்பது வருஷமா அதே சத்தம் இருக்குதும்மா" என்றேன். "சத்தத்துல இருக்கிறவங்களுக்கு வர்றதுதான். அத்தாகிட்ட சொன்னா பாடவே வேணாம்னுடுவாரு. அயர்லாந்து போற நேரம் வேற. கொஞ்ச நாள் பாரு, பழகிடும்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். நான் பழகிக்கலையா?"

சொன்னதில் ஒரு பொய் இருந்தால் காட்டுங்கள், ஐயா. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க சொன்னப்புறம்தான் பயம் போச்சு" என்றாள். வாசலில் இறக்கிவிட்டேன். ஜரினா ஒரு டப்பாவில் வட்டலப்பம் கொடுத்து அனுப்பினாள். நல்ல கை அவளுக்கு.

அயர்லாந்து என்றேனே. நியால் அவளைக் கால்வே என்ற ஊரில் ஒரு விழாவில் பாட அழைத்திருந்தான். அவளோடு இனியவனும் போவதாக ஏற்பாடு. என்னை அழைக்கவில்லை. நூரீன் எனக்காகக் கேட்டாளாம். நியால் முடியாது என்றானாம். இதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை, தல்ஹா வாய் தவறிச் சொன்னான். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. பிரெஸ்டில் இருந்த அத்தனை காலமும் கப்பலில் ஒரு பகல், ஒரு இரவுதான், போய் வரலாம் போய் வரலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அவள் புறப்படுவதற்கு முன் கடைசிக் கச்சேரி பீச் ரோட்டில். நீங்களும் பந்தோபஸ்துக்கு வந்திருப்பீர்கள். நல்ல கூட்டம், கடல்காற்று, பிள்ளைகள் எல்லாம் பலூன் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தமேரியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடை ஏறுவதற்கு முன் நூரீன் தலைத்துணியைச் சரிசெய்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். இடுப்புப் பெட்டியை என்னிடம் நீட்டி, "முசே, இதக் கொஞ்சம் புடிங்க" என்றாள். பிடித்தேன். அதிலிருந்த லிமிட்டரை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தேங்க்ஸ் என்றாள்.

மூன்றாவது பாட்டு ஒரு நிதானமான மெட்டு. அவள் முதலில் தனியாகப் பாடுவாள், மற்ற எல்லாரும் சும்மா இருப்பார்கள். இரண்டாவது அடியில் என் பிடில் சேர வேண்டும். அவள் கண்ணை மூடித் தொடங்கியதும் நான் ஃபோனை எடுத்தேன். அவள் காதுக்குப் போகிற எல்லாவற்றையும் இறக்கினேன். என் பிடிலை மட்டும் முழுதும் ஏற்றினேன். ஃபோனைப் பையில் போட்டுவிட்டு வில்லை எடுத்து, மேல் தந்தியில் அந்த அடியின் முதல் சுரத்தை நீளமாக இழுத்தேன்.

எதிரே இருந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. வெளியே என் பிடிலை அவர்கள்தான் இறக்கி வைத்திருந்தார்களே. அவளுக்கு மட்டும் கேட்டது. அந்தக் கச்சேரியில் நான் வாசித்ததைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

அவள் கத்தவில்லை. வாய் திறந்தபடி நின்றது. வலது காதில் இருந்ததைப் பிடுங்கிவிட்டாள். இடது பக்கத்து ஒயர் தலைத்துணி ஊசியில் சிக்கிக்கொண்டது. பிடுங்கப் பிடுங்க வரவில்லை. அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள். இனியவன் கிட்டாரைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். நான் அந்த அடி முடியும்வரை வாசித்தேன். நடுவில் விடுவது எங்கள் வழக்கமில்லை.

இடது காது முற்றாகப் போயிற்று. வலது காதில் தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி ஏதோ கேட்கிறதாம், வார்த்தை புரியாது. ஊசி, மாத்திரை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். நியால் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். தல்ஹா அவள் இடுப்புப் பெட்டியை எடுத்துப் பார்த்தபோது லிமிட்டர் எடுபட்டிருந்தது. தான்தான் போட மறந்துவிட்டோம் என்று முடிவு கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஹிதாயத்துல்லா பாய் கடையை மூடிவிட்டார். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் கூறுகிற ஒருவர் பெட்டிகளை வாங்கிப்போனார். கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன்.

"அண்ணே, நான் காசு போட்டு வாங்கின பெட்டி, என் புள்ள காதைத் தின்னுடுச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பொறுப்புன்னு சொன்னேன். உங்களால என்ன பண்ண முடியும், எல்லாம் எங்க வீட்டுச் சாமான்."

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

போன மாதம் ஆனந்தமேரி பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். "நூரீனைப் பாத்தேங்க. பின்னாடி மூட்டைக்காரன் ஓரம் ஓரம்னு தொண்டை கிழியக் கத்துறான், அது அப்பிடியே நிக்குது. இடிச்சுத் தள்ளிட்டான். மீன் தண்ணியில விழுந்து எழுந்து, இடிச்சவங்கிட்டயே இது சாரி சொல்லுது" என்றாள்.

என்ன மீன் வாங்கினாய் என்று கேட்டேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு அந்தப் புள்ள கண்ணை மூடிப் பாட ஆரம்பிச்சப்போ, மேடையில நீங்க ஃபோன்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள். நேரம் பார்த்தேன் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றிலிருந்து சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. பேச்சும் நின்றுவிட்டது. எனக்கு அதுவும் பழகிவிட்டது.

அதற்காகவும் நான் இங்கே வரவில்லை. தல்ஹாவுக்காக வந்தேன் என்று நீங்கள் எழுதினால் எழுதலாம், படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் போன ஞாயிறு நூரீனைப் பார்க்கப் போயிருந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அறையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தன் சத்தம் தனக்குக் கேட்காததால் உரக்கப் பேசுகிறாள், தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. ஜரினா கையைக் காட்டி மெல்ல, மெல்ல என்று சைகை செய்துகொண்டே இருக்கிறாள். நான் ஃபோனில் எழுதிக் காட்டினேன். அன்று கடைசியாக என்ன கேட்டது என்று கேட்டேன். நெடுநாளாக அதைக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"மைக் கத்திச்சு முசே" என்றாள். "ஃபீட்பேக். ஊளை விட்ட மாதிரி. அப்பிடி ஒரு அசிங்கமான சத்தம் நான் கேட்டதே இல்லை."

பிடில் கேட்கவில்லையா என்று எழுதினேன்.

அவள் படித்தாள். தலையை ஆட்டினாள். "இல்லையே. நீங்க அப்ப இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. உங்க பிடில் எப்ப வரும்னுதான் கண்ணை மூடிக் காத்துக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள அந்தச் சத்தம் வந்துடுச்சு." பிறகு என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கடைசியா உங்களதைக் கேட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்" என்று உரக்கச் சொன்னாள்.

நான் வீட்டுக்கு வந்தேன். பிடிலை எடுத்து அந்தச் சுரத்தை வாசித்துப் பார்த்தேன். பல முறை வாசித்துப் பார்த்தேன்.

நீங்கள் என்ன பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், ஐயா, நான் எதிலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெண்ணின் காதைப் போக்கியவன் நான்தான். யோசித்து, மாதக்கணக்கில் ஆயத்தம் செய்து போக்கினேன். தல்ஹாவுக்கு அதில் பங்கு இல்லை, பாயின் பெட்டிகளுக்கும் பங்கு இல்லை. ஆனால் உங்கள் ரைட்டர் தல்ஹாவின் பேச்சைக் கேட்டு அதோ அந்தத் தாளில் ஃபீட்பேக் என்று குறித்துவைத்திருக்கிறார். அதை முதலில் அடிக்கச் சொல்லுங்கள். அது மைக் கத்தியது இல்லை. அது நான் வாசித்தது. சுருதி சுத்தமாக இருந்தது.